தலைப்பெழுத்தை விரித்து எழுதுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அதனால்தான் வெளிநாட்டுப் பயணத்திலும் வங்கிக் கணக்கிலும் நமக்கு இத்தனை அலைச்சல், ஆகவே மற்றவர்களைப் போல நாமும் தலைமுறைதோறும் மாறாத ஒரு பெயரைப் பின்னால் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்னும் கருத்தைத் தங்கள் நாளிதழில் அண்மையில் படித்தேன். எழுதியவர் சொல்லும் அலைச்சல் உண்மையானது. அதை நான் அன்றாடம் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் தமிழருக்குக் குடும்பப் பெயரே இல்லை என்று அவர் தொடங்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. நமக்கு அது உண்டு. பெயருக்குப் பின்னால் வராமல் முன்னால் வருகிறது, முழுச் சொல்லாக இல்லாமல் ஓர் எழுத்தாகச் சுருங்கி வருகிறது, அவ்வளவுதான்.

நான் பத்திரம் எழுதுபவன். முப்பத்தாறு ஆண்டுகளாகக் கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, தானம் என்று பிறர் குடும்பத்துப் பெயர்களை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொத்தின் மூலப் பத்திரங்களை வரிசையாக அடுக்கிப் படித்தால் அந்தக் குடும்பத்தின் பெயர் முறை தானாகவே துலங்கிவிடும். பழைய பத்திரத்தில் இன்ன வட்டம் இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார் என்று தொடங்கி, சாதி, சிவமதமா விஷ்ணுமதமா என்பது, ஜீவனம் ஆகியவற்றைச் சொல்லிய பிறகே விஷயத்துக்கு வருவார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கும் ஊரையும் தகப்பனாரையும் இரண்டு எழுத்துகளாகச் சுருக்கி எழுதினால் அதுவே நாம் பேச்சில் இனிஷியல் என்று சொல்லும் தலைப்பெழுத்து.

இந்த முறை ஆங்கிலேயர் காலத்து அலுவலகங்களில் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எழுத்தாகச் சுருக்கிப் புள்ளி வைக்கும் பழக்கம் வேண்டுமானால் அச்சும் அலுவலகமும் கொண்டுவந்ததாக இருக்கலாம்; பெயரின் கட்டுமானம் மிகப் பழையது. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் புலவர்களை எப்படிக் குறித்து வைத்தார்கள் என்று பாருங்கள். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் பெயரில் முதலில் ஊர், அடுத்துத் தகப்பனார், கடைசியில்தான் அவருடைய சொந்தப் பெயர். முல்லைப்பாட்டைப் பாடியவர் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். இங்கே தகப்பனார் அவர் செய்த தொழிலால் குறிக்கப்படுகிறார். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனாருக்கு ஊர்ப்பெயர் இரண்டும் தொழில் ஒன்றும் சேர்ந்துவிட்டன. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்பதில் ஊரோடு சேரியும் வருகிறது. இன்றைய முகவரியில் தெருப் பெயரைச் சேர்ப்பது போலத்தான். புறநானூற்றை 1894இல் அச்சிட்டுக் கொடுத்த உ. வே. சாமிநாதையரின் தலைப்பெழுத்துகளை விரித்தால் உத்தமதானபுரம், வேங்கடசுப்பையர் என்று வரும். ஊர், தகப்பனார், தம் பெயர். நக்கீரனார் பெயரும் அவர் பெயரும் ஒரே அச்சில் வார்த்தவை. காஞ்சிபுரம் நடராசன் அண்ணாதுரையும் மயிலாப்பூர் பொன்னுசாமி சிவஞானமும் அதே முறையில் அமைந்த பெயர்கள்தாம்.

ஊரை விட்டுவிட்டு முன்னோர் பெயர்களையே அடுக்கும் முறையும் உண்டு. முன்னாள் குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜை. அப்துல் கலாமின் பெயரில் ஆவுல், பக்கீர், ஜைனுலாப்தீன் என்று கொள்ளுத்தாத்தாவும் தாத்தாவும் தகப்பனாரும் வரிசையாக நிற்கிறார்கள். நகரத்தார் இந்த வரிசையை விலாசம் என்றே சொல்வார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய கடைகளுக்கு அந்த விலாசமே பெயர். ஒரே எழுத்தில் பல பெயர்கள் தொடங்கிக் குழப்பம் வரக் கூடாது என்பதற்காக ராம., சித., பழ. என்று இரண்டு எழுத்துகளாகக் குறிப்பார்கள். சா. ராம. மு. அண்ணாமலைச் செட்டியார் என்றால் சாத்தப்பர், ராமநாதர், முத்தையா ஆகிய மூவர் அவருக்கு முன்னே வருகிறார்கள். கொங்கு நாட்டில் கூட்டப் பெயர், அதாவது குலப்பிரிவின் பெயர், இருக்கிறது. கலைக்களஞ்சியத்தின் ஆசிரியரான பெரியசாமித் தூரனைப் போன்ற சிலரே அதைப் பெயரோடு சேர்த்து எழுதினார்கள், மற்றவர்கள் கல்யாணம் பேசும்போது மட்டும் விசாரித்துக்கொள்கிறார்கள்.

தகப்பனார் பெயரை முன்னெழுத்தாகக் கொள்ளும் முறையோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு வழக்கமும் நம்மிடம் உண்டு. மகனுடைய மகனைப் பேரன் என்கிறோம். அது பெயரன் என்பதன் திரிபு. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்று பொருள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால், இரண்டு பெயர்கள் ஒரு குடும்பத்தில் மாறி மாறி வந்துகொண்டேயிருக்கும். மூலப் பத்திரங்களில் ஒரு தலைமுறையில் கோ. சி. என்று இருப்பவர் அடுத்த தலைமுறையில் சி. கோ. என்றும், அதற்கடுத்த தலைமுறையில் மறுபடி கோ. சி. என்றும் வருவார். கவனமில்லாமல் படித்தால் தாத்தாவையும் பேரனையும் ஒரே ஆளாக எண்ணிவிடுவோம். இதற்கு உலகறிந்த சான்று ஒன்று சொல்கிறேன். 1930இல் நோபல் பரிசு பெற்ற சி. வி. இராமனும் 1983இல் அதே பரிசைப் பெற்ற சு. சந்திரசேகரும் சிற்றப்பாவும் அண்ணன் மகனும் ஆவர். மேல்நாட்டார் பார்வையில் ஒருவருடைய குடும்பப் பெயர் இராமன், மற்றவருடையது சந்திரசேகர். இருவருக்கும் தொடர்பு இருப்பதாகப் பெயரிலிருந்து அவர்களால் கண்டுகொள்ள முடியாது. ஆனால் இராமனின் தலைப்பெழுத்தாகிய சி. என்பதை விரித்தால் சந்திரசேகரன் என்று வருகிறது. அவர் இராமனுக்குத் தகப்பனார், சந்திரசேகருக்குத் தாத்தா. பேரன் தாத்தாவின் பெயரைத் தாங்கியிருக்கிறார், மகன் அதே பெயரைத் தலைப்பெழுத்தாகத் தாங்கியிருக்கிறார். குடும்பத்தின் உறவு முழுவதும் அந்த ஓர் எழுத்தில் இருக்கிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். தகப்பனார் பெயரைக் குறிக்கும் எழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஊரைக் குறிக்கும் எழுத்தே மாறாமல் நிற்கும். குடும்பப் பெயர் என்றால் தலைமுறை மாறியும் தான் மாறாதது என்று பொருள் கொண்டால், ஊரெழுத்துதான் நம்முடைய குடும்பப் பெயர். விண்ணப்பத்தில் ஓர் எழுத்துக்கு மட்டுமே கட்டம் இருக்கிறது என்று நாம் முதலில் கைவிடுவதும் அந்த ஊரெழுத்தைத்தான். இதை என் வீட்டிலேயே பார்த்தேன் என்பதால் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் முதல் தலைப்பெழுத்து மே. என்பதே. தாத்தா கையெழுத்தில் அது இருந்தது, அப்பா கையெழுத்தில் இருந்தது, என்னுடையதிலும் இருக்கிறது. அது யாரோ ஒரு முன்னோரின் பெயர் என்று பெரியப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தோமே தவிர, அந்த முன்னோர் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஊரார் பெயரையெல்லாம் துருவித் துருவிக் கேட்டு எழுதும் நானும் கேட்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் தம்பி மகன் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோது, தலைப்பெழுத்தை எழுத்தாகவே எழுதக் கூடாது, விரித்து எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவன் அங்கிருந்தே தொலைபேசியில் அழைத்து, பெரியப்பா, மே என்றால் என்ன என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. விடை தெரியாத எழுத்தை விட்டுவிட்டுத் தகப்பனார் பெயரை மட்டும் சேர்த்து அவன் வேலையை முடித்துக்கொண்டான். இப்போது அவன் பிள்ளைகளின் பெயரில் அந்த எழுத்து இல்லை.

எனக்கு அது பெரும் குறையாகப்பட்டது. வீட்டில் தேடத் தொடங்கினேன். பரணில் பாட்டியின் சீர்ப் பாத்திரங்கள் சாக்கில் கட்டிக் கிடந்தன. அந்தக் காலத்தில் பாத்திரக் கடையிலேயே ஓர் ஆள் உட்கார்ந்து சிற்றுளியும் சிறு சுத்தியலும் கொண்டு பெயர் வெட்டிக் கொடுப்பார். எழுத்து கோடாக இல்லாமல் நெருக்கமான புள்ளிகளாக விழும். புளி போட்டுத் தேய்த்த பிறகு பித்தளைக் குடத்தின் கழுத்தடியில் பாட்டி பிறந்த வீட்டின் தலைப்பெழுத்தும் அவர் பெயரும் விபவ வருடம் தை என்பதும் தெரிந்தன. அதாவது 1929ஆம் ஆண்டின் தொடக்கம். அதே சாக்கில் இருந்த ஒரு பெரிய தாம்பாளம் தாத்தா வீட்டார் வாங்கியது. அதன் விளிம்பில் மே என்று சுருக்காமல், மேலையூர் என்றே நான்கு எழுத்துகளையும் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தார்கள். விளிம்பு நீளமாக இருந்ததால் இடம் தாராளமாக இருந்திருக்கிறது. நான் அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பாத்திரத்தை மட்டும் நம்பி முடிவுகட்டக் கூடாது என்பது என் தொழில் கற்றுக் கொடுத்த பாடம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஆவணங்களுக்குப் பெயர் வாரியாக ஓர் அட்டவணையும் சொத்து வாரியாக ஓர் அட்டவணையும் உண்டு. கட்டணம் செலுத்தி, பெயர் வாரி அட்டவணையில் தாத்தாவின் தகப்பனார் பெயரைத் தேடச் செய்து, அவர் நிலம் வாங்கிய கிரயப் பத்திரத்தின் நகலைப் பெற்றேன். அதில் பூர்வீகம் மேலையூர், தற்போது இன்ன கிராமத்தில் குடியிருக்கும் என்று எழுதியிருந்தது. எங்கள் குலதெய்வக் கோயிலும் அந்த ஊர்ப் பக்கத்தில்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு முடியிறக்கிக் காது குத்துவதற்காகத் தலைமுறை தலைமுறையாக அங்கே போய்வந்த நாங்கள், போகும் ஊரும் பெயருக்கு முன்னால் எழுதும் எழுத்தும் ஒன்றே என்பதை ஒருமுறைகூட யோசிக்கவில்லை. தம் குடும்பத்துத் தலைப்பெழுத்தின் விரிவைத் தேடுகிறவர்கள் குலதெய்வம் இருக்கும் ஊரிலிருந்து தொடங்குவது நல்லது என்று நான் சொல்வது இந்த அனுபவத்தால்தான். ஓர் எச்சரிக்கையும் உண்டு. பழைய ஆவணங்களில் மரியாதைக்காக மகாராஜராஜஸ்ரீ என்பதைச் சுருக்கிப் பெயருக்கு முன்னால் எழுதுவார்கள். அதைத் தலைப்பெழுத்து என்று எண்ணி ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தாம்பாளத்திலும் குடத்திலும் சாதிப் பட்டம் இல்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். பாத்திரத்தில் வெட்டியது ஊரும் பெயரும் மட்டுமே. பத்திரத்தில்தான் பட்டம் இருந்தது. மாறாத குடும்பப் பெயர் வேண்டும் என்று கேட்பவர்கள் தம்மை அறியாமலே போய்ச் சேரும் இடம் சாதிப் பட்டமாகத்தான் இருக்கும் என்பது என் அச்சம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தது. அதன்பின் ஓரிரு தலைமுறைக்குள் தமிழ்நாட்டில் பட்டத்தோடு கையெழுத்திடுவது அரிதாகிவிட்டது. தாத்தா பெயரில் பட்டம் இருக்கும், அப்பா பெயரில் இருக்காது. இதை மூலப் பத்திரங்களில் நானே எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். எவ்வளவோ பேர் மனமுவந்து விட்டதை, ஒரு விண்ணப்பக் கட்டத்தை நிரப்புவதற்காகத் திரும்ப எடுத்துவருவது நியாயமாகாது.

பட்டம் குடும்பப் பெயராக உறைந்துபோனால் என்ன ஆகும் என்பதைத் தென்னாப்பிரிக்கத் தமிழரிடம் காணலாம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் டர்பனில் கரை சேர்ந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக டர்பன் அடங்கிய நேட்டால் பகுதிக்கு ஆட்கள் போய்க்கொண்டேயிருந்தார்கள். கப்பல் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், கிராமம் என்று தனித்தனியே எழுதினார்கள். ஆனால் அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு நிலைத்த குடும்பப் பெயர்களில் பல, பட்டத்திலிருந்து வந்தவையே. பிள்ளை, முதலி, நாயுடு, படையாச்சி என்பவை ஆங்கிலேயர் நாவிலும் எழுத்திலும் உருமாறி இன்று அங்குள்ள தமிழர்களின் குடும்பப் பெயர்களாக வழங்குகின்றன. அவர்கள் மீது குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. அந்தப் பெயரைத் தாங்கி அவர்கள் பட்ட பாடு பெரியது. ஆனால் அவர்களுடைய வாரிசுகள் இன்று பூர்வீகத்தைத் தேடும்போது குடும்பப் பெயர் அவர்களுக்கு வழி காட்டுவதில்லை, பதிவேட்டில் உள்ள கிராமத்தின் பெயரே வழி காட்டுகிறது. மலேசியத் தமிழர்கள் தகப்பனார் பெயருக்கு முன்னால் ஏ/எல், ஏ/பி என்று இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதைக் குறிக்கும் மலாய்ச் சுருக்கத்தைப் போடுகிறார்கள். பழைய பத்திரத்து இன்னார் குமாரர் இன்னார் என்பதற்கு அது நெருக்கமானது.

நிலையான குடும்பப் பெயர் இருப்பதுதான் உலக வழக்கு, நாம்தான் விலகி நிற்கிறோம் என்ற எண்ணமும் முழுவதும் சரியன்று. ஜப்பானில் எல்லாரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று 1875இல்தான் கட்டாயமாக்கினார்கள். இன்று தாய்லாந்து எனப்படும் சயாமில் அந்தச் சட்டம் வந்தது 1913இல், துருக்கியில் 1934இல். அரசுகள் வரிக்காகவும் படைக்காகவும் ஆட்களைக் கணக்கெடுப்பதற்கு அது வசதியாக இருந்தது. ஐஸ்லாந்தில் இன்றைக்கும் பெரும்பாலோர் தகப்பனார் பெயரோடு அல்லது தாயார் பெயரோடு மகன், மகள் என்ற சொல்லைச் சேர்த்தே எழுதுகிறார்கள். அவர்களும் விமானத்தில் பயணம் போகத்தான் செய்கிறார்கள்.

இருந்தாலும் நம் பிள்ளைகள் படும் சிரமத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டத்தை வெற்றாக விட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் இருக்கும் பெயரையே குடும்பப் பெயராக்கி, முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் எஃப்.என்.யு. என்ற மூன்றெழுத்தைப் போட்டுவிடுகிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்து, பிறகு பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்பதாக விளக்கம் கொடுத்தது. எல்லோரும் அவசரத்துக்குத் தகப்பனார் பெயரைக் கட்டத்தில் எழுதுகிறோம். மனைவிக்கு ஒரு குடும்பப் பெயர், கணவனுக்கு வேறு, பிள்ளைகளுக்கு மூன்றாவது என்று ஆகி, இவர்கள் ஒரே குடும்பந்தானா என்று விமான நிலையத்தில் கேட்கும் நிலை வருகிறது. ஊரெழுத்தை விரித்து அந்தக் கட்டத்தில் எழுதினால் தகப்பனாருக்கும் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒரே பெயர் அமையும், அதில் சாதியும் இருக்காது. ஊர் தெரியாதவர்கள், அல்லது சொந்த ஊரைச் சொல்வதால் புண்படக்கூடிய வரலாறு உள்ளவர்கள், தாங்கள் விரும்பும் வேறொரு பெயரைத் தேர்ந்துகொள்ளட்டும்; அதில் யாரும் குறுக்கே நிற்கக் கூடாது.

தாயாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என் பாட்டியின் குடத்தில் வெட்டியிருந்த தலைப்பெழுத்து, அவர் கல்யாணமாகி வந்த நாளோடு எழுத்து வழக்கிலிருந்து மறைந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்த ஆவணத்திலும் அவர் இன்னார் மனைவிதான். தந்தை இறந்துவிட்ட குழந்தையின் குடும்பப் பெயரை முடிவு செய்யும் உரிமை தாய்க்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜூலையில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. தாய் பெயர், தந்தை பெயர் இரண்டின் முதல் எழுத்தையும் சேர்த்துப் பிள்ளைகளுக்கு இடும் பெற்றோர் இப்போது கூடிவருகிறார்கள். பத்திரம் எழுதும்போது அப்படி ஒரு பெயர் வந்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

அரசுப் பணியாளர்களும் மாணவர்களும் தலைப்பெழுத்தைத் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. வரவேற்க வேண்டிய ஆணை. அதோடு இன்னும் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பிறப்புப் பதிவின்போதும் பள்ளியில் சேர்க்கும்போதும் தலைப்பெழுத்துகள் எல்லாவற்றின் விரிவையும் ஓரிடத்திலாவது முழுதாக எழுதி வைக்கக் கட்டம் வேண்டும். பிற்காலத்தில் வாரிசுச் சான்றுக்கும் பட்டா மாறுதலுக்கும் இருவரும் ஒருவரே என்று சான்று வாங்க அலையும் மக்களில் பாதிப் பேராவது அந்த அலைச்சலிலிருந்து தப்புவார்கள் என்பதை என் மேசைக்கு வந்த ஆட்களை வைத்தே சொல்ல முடியும். அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் இருந்தால், இந்த வாரமே அவர் அருகில் உட்கார்ந்து, நம் பெயருக்கு முன்னால் உள்ள ஒவ்வோர் எழுத்துக்கும் விரிவு கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு கோரிக்கை. நாள்தோறும் கண்ணீர் அஞ்சலி, நினைவஞ்சலி விளம்பரங்களை வெளியிடுகிறீர்கள். மறைந்தவரின் படத்துக்குக் கீழே இரண்டு எழுத்தும் ஒரு பெயரும் மட்டும் இருக்கும். அந்த எழுத்துகளின் விரிவை அடுத்த வரியில் கூடுதல் கட்டணமில்லாமல் அச்சிட்டுத் தர முன்வாருங்கள். அந்த விளம்பரத்தைக் கொடுக்க வரும் பிள்ளைகளிடம் தங்கள் ஊழியர் விரிவு என்ன என்று கேட்கும்போது, அத்தையோ சித்தப்பாவோ உயிரோடு இருந்து விடை சொல்லக்கூடிய கடைசி வாய்ப்பு அதுவாகவே இருக்கக்கூடும்.

இப்படிக்கு,
மேலையூரைப் பூர்வீகமாகக் கொண்ட வாசகன்,
பத்திர எழுத்தர்